முதலில் சிப், அப்புறம்தான் ஊசி

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. மே மாத நடுவில் சேர வேண்டும். நானும் பத்து வயது மகளும் போகிறோம். எங்கள் ஜிம்மிக்கு நான்கு வயது, கலப்பின ஆண் நாய். வருடம் தவறாமல் ரேபிஸ் ஊசி போட்டு வருகிறோம். கடைசியாகப் போட்டது போன அக்டோபரில். வெளிநாடு போக வேண்டும் என்று தெரிந்ததும் ஜனவரியில் மைக்ரோசிப் வைத்தோம். ‘தடுப்பூசிப் புத்தகமும் ஒரு டாக்டர் சர்டிஃபிகேட்டும் இருந்தால் போதும்’ என்கிறார் டிக்கெட் போட்டுக் கொடுப்பவர். இணையத்தில் பார்த்தால் ரத்தப் பரிசோதனை, மூன்று மாதக் காத்திருப்பு என்று என்னென்னவோ இருக்கிறது. எது சரி? நாட்கள் போதாது என்றால், சிப் வைத்த தேதியை முன்னால் தள்ளி எழுதித் தரும்படி எங்கள் மருத்துவரைக் கேட்கலாமா? ஜிம்மி இல்லாமல் நான் வர மாட்டேன் என்று மகள் அழுகிறாள்.

பதில்:

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேதியை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள். எழுதித் தருகிறேன் என்று யாராவது முன்வந்தாலும் வாங்காதீர்கள். காரணம் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் நிலைமை என்ன என்று பார்த்துவிடலாம். நீங்கள் பயப்படும் அளவுக்கு அது மோசமில்லை. ஆனால் அந்த டிக்கெட்காரர் சொல்வது போல அவ்வளவு சுலபமும் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஒரே ஒரு விஷயம். ஊசி அக்டோபரில், சிப் ஜனவரியில். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சிப் வைப்பதற்கு முன் போட்ட ரேபிஸ் ஊசி கணக்கில் சேராது. அமெரிக்காவும் ஜப்பானும் இப்படித்தான் கேட்கின்றன. நான்கு வருடம் தவறாமல் போட்டிருக்கிறோமே என்று உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஜிம்மியின் உடம்புக்கு அந்த ஊசிகள் எல்லாம் காவல்தான், எதுவும் வீண் போகவில்லை. காகிதத்துக்கு மட்டும்தான் அவை செல்லாது.

ஏன் இப்படி ஒரு விதி? தடுப்பூசிப் புத்தகத்தில் ‘ஆண் நாய், பழுப்பு நிறம், நான்கு வயது’ என்று எழுதியிருக்கும். அந்த வர்ணனைக்குப் பொருந்தும் நாய்கள் எத்தனையோ உண்டு. விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரிக்கு, இந்தப் புத்தகம் இந்த நாயுடையதுதான் என்று எப்படித் தெரியும்? தோலுக்கடியில் வைத்த சிப்பில் இருக்கும் 15 இலக்க எண் ஒன்றுதான் அதைச் சொல்லும். ஊசி போடும்போது அந்த எண் நாயின் உடம்பில் இருந்திருக்க வேண்டும், மருத்துவர் அதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும், புத்தகத்திலும் எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் ஊசிக்கும் நாய்க்கும் நடுவில் ஒரு முடிச்சு விழுகிறது. அதனால் சிப் முதலில், ஊசி அப்புறம். ஒரே நாளில் செய்தாலும் சரி, இந்த வரிசை மாறக் கூடாது.

ஆகவே இந்த வாரமே ஜிம்மியை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஊசியைத் தொடுவதற்கு முன் ஸ்கேனரை எடுக்கச் சொல்லுங்கள். சிப் வழக்கமாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே, கழுத்துக்குச் சற்றுக் கீழே வைக்கப்படும். சில நாய்களுக்கு அது தோளுக்கோ மார்புப் பக்கத்துக்கோ நகர்ந்திருக்கும். அதனால் முதுகில் ஒரு தடவை காட்டிவிட்டு ‘படிக்கவில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு தோள், கழுத்தின் பக்கவாட்டு, முன்கால் மேல்பகுதி என்று மெதுவாக, தோலை ஒட்டி நகர்த்திப் பார்க்க வேண்டும். எண் திரையில் வந்ததும் மருத்துவர் மூன்று மூன்று இலக்கமாக உரக்கப் படிக்கட்டும், நீங்கள் சிப் வைத்தபோது கொடுத்த ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 15 இலக்கம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 11784, 11785 வகை சிப் என்றால் 15 இலக்கம் இருக்கும், எல்லை நிலையங்களில் உள்ள ஸ்கேனர்கள் அதைப் படிக்கும். சில பழைய வகைகளில் 9 அல்லது 10 இலக்கமே இருக்கும். அப்படி இருந்தால் அதைப் படிக்கும் ஸ்கேனரை நீங்களே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் இரண்டாவதாக ஒரு புதிய சிப் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வைப்பதுதான் நல்லது.

எண் சரியாக இருந்தால், அன்றே புதிதாக ஒரு ரேபிஸ் ஊசி. அக்டோபரில் போட்டிருக்கிறோமே, இவ்வளவு சீக்கிரம் இன்னொன்றா என்று கேட்பீர்கள். ஆரோக்கியமான நாய்க்கு அதனால் கெடுதல் இல்லை. இந்த ஊசிதான் இனி ஜிம்மியின் ‘முதல் ஊசி’ என்று கணக்கு.

புத்தகத்தில் அந்தப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்கிறேன். பிற்பாடு தகராறு எல்லாம் இந்த ஒரு பக்கத்தில்தான் வருகிறது. மருந்துக் குப்பியிலிருந்து பிரித்து ஒட்டிய ஸ்டிக்கர், அதில் தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஊசி போட்ட தேதி. எந்தத் தேதி வரை செல்லும் என்பது. மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை. முத்திரை ஸ்டிக்கர் மேல் விழுந்து பேட்ச் எண்ணை மறைத்துவிடக் கூடாது. தேதியை 4/3 என்று எழுத விடாதீர்கள். அது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று நாட்டுக்கு நாடு வேறு மாதிரி படிப்பார்கள். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் புதுப் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். சிப் எண்ணும், சிப் வைத்த தேதியும், அன்று அது படித்துப் பார்க்கப்பட்டது என்ற குறிப்பும் அதே புத்தகத்தில் இருக்கட்டும்.

சரி, ஊசி போட்டாயிற்று. இனி எவ்வளவு நாள் ஆகும்? இங்கேதான் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு தகவல் தேவைப்படுகிறது. எந்த நாட்டிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாக ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியல் ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கிறது. ஜப்பான், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்றவை அதில் உண்டு. இந்தியா, இலங்கை இல்லை. இந்தப் பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருப்பது பட்டியலில் உள்ள நாடு என்றால் கவலையே இல்லை. ஊசி போட்டு 21 நாள் கழிய வேண்டும், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனை கிடையாது. மார்ச் முதல் வாரம் ஊசி போட்டால் மே மாதத்துக்குள் தாராளமாகக் கிளம்பலாம்.

பட்டியலில் இல்லாத நாடு என்றால் கணக்கு வேறு. ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டைட்டர் பரிசோதனை என்பது இதுதான். அதில் தேறினாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பிறகுதான் பயணச் சான்றிதழையே எழுத முடியும். மூன்று மாதம் என்பது அறிக்கை வந்த நாளிலிருந்து எண்ணுவது அல்ல என்பதைக் கவனியுங்கள். ஆய்வகம் தாமதம் செய்தாலும் உங்கள் கணக்கு ரத்தம் எடுத்த தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

காலண்டரில் போட்டுப் பாருங்கள். மார்ச் 1 அன்று ஊசி. ஏப்ரல் 1 அன்று ரத்தம். ஜூலை 1-க்கு முன் சான்றிதழ் இல்லை. எவ்வளவு வேகமாக ஓடினாலும் நான்கு மாதம். மே நடுவில் ஜிம்மி உங்களோடு விமானம் ஏற வழியில்லை.

இந்தக் காத்திருப்பு சும்மா அலைக்கழிப்பதற்காக வைத்தது என்று பலர் என்னிடம் கோபப்படுவார்கள். அப்படி இல்லை. ரத்தப் பரிசோதனை சொல்வது, ஊசி வேலை செய்திருக்கிறது என்பதை மட்டும்தான். ஊசி போடுவதற்குச் சில நாள் முன்பே அந்த நாயை வெறி பிடித்த விலங்கு ஏதாவது கடித்திருந்தால்? ரேபிஸ் கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளைக்குப் போகும். அதற்குச் சில வாரங்களோ, சில மாதங்களோ ஆகும். அந்த நாட்களில் நாய் சாப்பிடும், விளையாடும், எந்த அறிகுறியும் இராது. அப்படி ஒளிந்திருக்கும் நோய் வெளியே தெரிவதற்காகத்தான் இந்த மூன்று மாதம்.

2004-ஆம் வருடம் மொராக்கோவிலிருந்து ஒரு நாய்க்குட்டியைக் காரில் வைத்து, ஸ்பெயின் வழியாக பிரான்ஸின் போர்தோ பகுதிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முறையான காகிதம் எதுவும் இல்லை. குட்டிக்கு ரேபிஸ் இருந்தது. அது இறந்த பிறகுதான் விஷயம் தெரிய வந்தது. அதற்குள் கோடை விழாக்களில் கூட்டத்துக்கு நடுவே அவிழ்த்துவிட்டபடி சுற்றியிருக்கிறது. அதைத் தொட்டவர்கள், கொஞ்சியவர்கள், கடிபட்டவர்கள் யார் யார் என்று நாடு முழுக்கத் தேட வேண்டியதாயிற்று. ஏராளமானோருக்குத் தடுப்பு ஊசி போட்டார்கள். அறிகுறி வந்த பிறகு ரேபிஸிலிருந்து பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். மனிதர்களுக்கு இது பெரும்பாலும் நாய் மூலமாகத்தான் வருகிறது, இறப்பவர்களில் குழந்தைகள் அதிகம்.

தேதியை மாற்றி எழுதக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். சிப் செப்டம்பரில் வைக்கப்பட்டதா ஜனவரியில் வைக்கப்பட்டதா என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றும். சிப் விற்பனை, பதிவேட்டில் ஏற்றிய நாள், மருத்துவமனையின் ரசீது என்று தேதி பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. அதையெல்லாம் விடுங்கள். பிடிபட்டால் என்ன நடக்கும் தெரியுமா? காகிதம் சரியில்லாத நாயை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பலாம், உங்கள் செலவில் தனிமைப்படுத்தி வைக்கலாம், இரண்டும் முடியாது என்றால் கருணைக் கொலை செய்யவும் விதி இடம் தருகிறது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் நிற்க உங்களால் முடியாது. எழுதித் தந்த மருத்துவரின் பதிவும் போகும்.

ஒருவரின் பொய் மற்றவர்களையும் தாக்கும். 2020-இல் மட்டும் போலி அல்லது திருத்தப்பட்ட ரேபிஸ் சான்றிதழோடு 450-க்கும் மேற்பட்ட நாய்கள் வந்ததை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கண்டுபிடித்தது. அடுத்த வருடம் ஜூலையில், ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடுகளிலிருந்து நாய்கள் வருவதையே தற்காலிகமாக நிறுத்திவிட்டார்கள். ஒழுங்காகக் காகிதம் வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

ஆக, பட்டியலில் இல்லாத நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், தள்ளிப் போட வேண்டியது ஜிம்மியின் பயணத்தை. அது எப்படி என்று பார்க்கலாம்.

வேலையில் சேரும் தேதியை ஜூலைக்குத் தள்ளித் தரச் சொல்லி நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை. அது முடியாது என்றால், நீங்களும் மகளும் மே மாதம் போங்கள், ஜிம்மி நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். ஆனால் இதில் பலருக்குத் தெரியாத ஒரு முட்டுக்கட்டை உண்டு. வளர்ப்புப் பிராணி என்ற எளிய விதிகளின் கீழ் நாய் வர வேண்டுமானால், அது உரிமையாளரோடு வர வேண்டும், அல்லது உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு ஐந்து நாள் முன்போ பின்போ, நீங்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவரோடு வர வேண்டும். நீங்கள் மே மாதம் போய்விட்டு, ஜூலையில் உங்கள் அம்மாவோ தம்பியோ ஜிம்மியைக் கொண்டுவந்தால், அது வணிக ரீதியான இறக்குமதி என்று கருதப்படும். விற்பனை நோக்கமே இல்லாவிட்டாலும் அப்படித்தான். அதற்கு வேறு சான்றிதழ், கூடுதல் மருத்துவப் பரிசோதனை, முன்கூட்டியே பதிவு, குறிப்பிட்ட எல்லைச் சோதனை நிலையம் வழியாக மட்டுமே நுழைவு என்று வேலை இரட்டிப்பாகும். செலவும்தான்.

அதனால் என் யோசனை, ஜூலையில் சில நாள் விடுப்பு எடுத்து நீங்களே திரும்பி வந்து ஜிம்மியைக் கூட்டிப் போங்கள். உங்கள் டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். வணிக முறையில் அனுப்புவதோடு ஒப்பிட்டால் பல சமயம் இதுதான் மலிவாக முடியும். நாய்க்கும் தெரிந்த முகம் பக்கத்தில் இருக்கும்.

இடைப்பட்ட நாட்களில் ஜிம்மியைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு விஷயத்தை எழுதியே கொடுத்துவிட்டுப் போங்கள். இந்த ஊசியின் காலம் எந்தத் தேதியோடு முடிகிறதோ, அதற்குள் அடுத்த ஊசி போட்டாக வேண்டும். இடைவெளி இல்லாமல் போட்டு வந்தால், ஒருமுறை தேறிய டைட்டர் அறிக்கை ஐரோப்பிய விதிப்படி ஆயுள் முழுக்கச் செல்லும். ஒரே ஒரு நாள் தவறினாலும் ஊசி, 30 நாள், ரத்தம், மூன்று மாதம் என்று எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இப்படி ஒரு வாரம் தவறவிட்டு, வெளிநாட்டில் வீடு பிடித்த பிறகு நாலு மாதம் கூடுதலாகக் காத்திருந்தது. கையில் அருமையான அறிக்கை இருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போயிற்று.

ரத்தப் பரிசோதனையில் தேறுமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி போட்ட இளம் நாய்கள்தான் சில சமயம் 0.5-ஐ எட்டாமல் போகும், அதுவும் ஊசி போட்டுப் பல மாதம் கழித்து ரத்தம் எடுத்தால். ஜிம்மிக்கு வருடாவருடம் போட்டிருக்கிறீர்கள். அவன் உடம்பு அந்த மருந்தை நன்றாக ஞாபகம் வைத்திருக்கும். 30 நாள் முடிந்த கையோடு ரத்தம் எடுத்துவிடுங்கள், அளவு நன்றாகவே வரும் என்று எதிர்பார்க்கலாம். ரத்தம் எடுப்பதற்கு முன்னும் சிப்பைப் படிக்க வேண்டும். ஆய்வகத்துக்குப் போகும் படிவத்தில் அந்த எண்ணை நீங்களே ஒருமுறை பாருங்கள். அறிக்கை வந்ததும் மறுபடி பாருங்கள். 15 இலக்கத்தில் ஒன்று இடம் மாறினாலும் அந்த அறிக்கை வேறொரு நாயுடையது ஆகிவிடும். அன்றே சொன்னால் ஆய்வகம் திருத்தித் தரும். விமான நிலையத்தில் கண்டுபிடித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது பயணச் சான்றிதழ். உங்கள் டிக்கெட்காரர் ‘டாக்டர் சர்டிஃபிகேட்’ என்று சொன்னது இதுவாக இருக்கலாம், ஆனால் எந்த மருத்துவரின் லெட்டர்பேடில் எழுதினாலும் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்டிருக்கும் மாதிரிப் படிவம்தான் வேண்டும். அதில் அரசு கால்நடை அதிகாரி கையெழுத்திட வேண்டும். அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவர் நிரப்பினால், அரசு அலுவலகம் அதன்மேல் ஒப்புதல் முத்திரை வைக்க வேண்டும். வியாபாரத்துக்காகக் கொண்டுபோகவில்லை என்ற உங்கள் உறுதிமொழியும் அதனோடு சேரும். சான்றிதழ் வழங்கப்பட்ட தேதியிலிருந்து பத்து நாளுக்குள் நீங்கள் ஐரோப்பிய எல்லையில் போய் நிற்க வேண்டும். அதனால் இந்த வேலையை முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த அரசு அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்பே போய், யார் கையெழுத்திடுவார், எந்தக் கிழமை இருப்பார், என்னென்ன அசல் கொண்டுவர வேண்டும், நாயை நேரில் காட்ட வேண்டுமா என்று கேட்டு வையுங்கள். கிளம்பும் வாரத்தில் அரசு விடுமுறை வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டிலிருந்து பிராணியை வெளியே கொண்டுபோவதற்கான ஏற்றுமதி அனுமதி தனியாக வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம்.

விமானம் பிடிக்கும்போது இன்னொன்று. சான்றிதழ் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதை, நீங்கள் முதலில் கால் வைக்கும் ஐரோப்பிய நாடுதான் முடிவு செய்கிறது. நேராக ஜெர்மனியில் இறங்கினால் ஜெர்மனும் ஆங்கிலமும். பாரிஸில் இறங்கி விமானம் மாறினால் நுழையும் நாடு பிரான்ஸ், ஆகவே பிரெஞ்சுப் படிவம். முடிந்தவரை நேரடி விமானமாகப் பாருங்கள். வழியில் ஐரோப்பாவுக்கு வெளியே இறங்கி மாறுவதாக இருந்தால், அந்த இடைவழி நாட்டுக்கும் பிராணி அனுமதி தேவையா என்று விமான நிறுவனத்தை எழுத்தில் கேளுங்கள்.

கலப்பினம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிம்மியின் பரம்பரையில் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர் ஆகியவற்றின் கலப்பு ஏதாவது உண்டா? ஜெர்மனி இந்த நான்கையும் இவற்றின் கலப்புகளையும் நாட்டுக்குள் கொண்டுவர அனுமதிப்பதில்லை. மாநிலங்களுக்குத் தனித்தனிப் பட்டியலும் இருக்கிறது. சாதாரணத் தெருநாய்க் கலப்பு என்றால் பிரச்சினை இல்லை, ஆனால் எல்லாப் படிவத்திலும் இனத்தை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒன்றில் ‘லாப்ரடார் கலப்பு’, இன்னொன்றில் ‘நாட்டு நாய்’ என்று இருந்தால் வீண் கேள்வி வரும்.

விமான நிறுவனம் தனியாகச் சில காகிதங்கள் கேட்கும். பறக்கும் அளவுக்கு நாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்ற சான்று அதில் முக்கியம். அதற்கு எத்தனை நாள் செல்லும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு விமானத்தில் இத்தனை பிராணிதான் என்று வரம்பு உண்டு, எனவே உங்கள் டிக்கெட்டோடு சேர்த்தே ஜிம்மிக்கு இடம் உறுதி செய்துகொள்ளுங்கள். கூண்டுக்குள் அவன் தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க முடிய வேண்டும். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்துக் கூட்டிப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். உயரத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் தடுமாறும், பல நிறுவனங்கள் ஏற்றவே மறுக்கும். அதைவிடக் கூண்டை இப்போதே வாங்கி, கதவைத் திறந்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். அதற்குள் சாப்பாடு வையுங்கள், அவன் பழைய போர்வையைப் போடுங்கள். நான்கு மாதம் இருக்கிறது, அது அவன் படுக்கையாகவே ஆகிவிடும். இந்த வேலையை மகளிடம் கொடுங்கள்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சில வார்த்தைகள். அயர்லாந்து, பின்லாந்து, மால்டா, நார்வே, பிரிட்டன் போகும் நாய்களுக்கு, நுழைவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தை மருத்துவர் கையால் கொடுத்து நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனிக்கு இது தேவையில்லை. ஜப்பான் போக, சிப் வைத்த பிறகு குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு ரேபிஸ் ஊசி, டைட்டர், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு, வந்து சேர்வதற்கு 40 நாள் முன்பே அறிவிப்பு. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாம் மையத்தில் தனிமைப்படுத்தல் உண்டு, எல்லாம் சரியாக இருந்தால் 10 நாள், இல்லையென்றால் 30 நாள் அல்லது அதற்கு மேல். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் ஆறு மாதம் நிரம்பாத குட்டியை உள்ளே விடுவதில்லை. சிப்பும் இணையவழிப் படிவமும் எல்லா நாய்க்கும் வேண்டும். ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாட்டிலிருந்து என்றால் கூடுதல் காகிதங்களும் உண்டு. குட்டியாக வாங்கி உடனே கூட்டிப் போகலாம் என்று நினைப்பவர்கள் இந்த மாதக் கணக்குகளை முதலில் பார்க்க வேண்டும்.

அப்புறம், கிளம்பும் நாளில் காகிதங்களைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள். அசல் ஒரு கோப்பில், நகல் இன்னொன்றில், மூன்றாவது நகல் கூண்டின் மேல் பிளாஸ்டிக் உறையில். உங்கள் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, உரிமையாளர் பெயர் எல்லாவற்றிலும் அப்படியே இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் இப்போது வீட்டில் வேறு யார் பெயராவது இருந்தால் இந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

ஜெர்மனியில் இறங்கியதும், சுங்கத்தில் காட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியாக வெளியேறிவிடாதீர்கள். சுங்கத்தில் நாய் இருக்கிறது என்று நீங்களே போய்ச் சொல்லி, சிப்பையும் காகிதத்தையும் காட்டுங்கள். குடியேறிய பிறகு ஊராட்சி அலுவலகத்தில் ஜிம்மியைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே நாய்க்கு வரி உண்டு, சில மாநிலங்களில் பொறுப்புக் காப்பீடும் கட்டாயம். சிப் எண்ணை டாஸ்ஸோ என்ற பதிவேட்டில் புது முகவரியோடு இலவசமாக ஏற்றலாம். சிப் இருப்பிடத்தைக் காட்டாது, எண்ணை மட்டும்தான் சொல்லும். ஜிம்மி தொலைந்துபோனால் அந்த எண்ணுக்கு நேரே உங்கள் புதிய தொலைபேசி இருந்தால்தான் பயன். அதே மாதத்தில் அங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் போய் ஐரோப்பிய செல்லப்பிராணி பாஸ்போர்ட் வாங்கி, ஊசியையும் டைட்டர் முடிவையும் அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு விடுமுறைக்கு ஜிம்மியோடு ஊருக்கு வந்து திரும்பும்போது, ஊசி காலாவதி ஆகாமல் இருந்தால், மறுபடி மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிராது.